ஒரு வசவின் சரித்திரம்

இங்கிலீஷ் படிக்காதவர்களுக்கும் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகள் என்று ஒரு ஜாபிதா தயாரித்தால், அதில் வியப்பான ஒரு விஷயம் தென்படும். பஸ், டிக்கெட், சினிமா, சோப்பு ஆகியவை இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அவை பொருள்களின் பெயர்கள். பொருள் வந்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது. ஆனால் பொருள் எதுவும் இல்லாமல் வார்த்தை மட்டும் தனியாகக் கப்பல் ஏறி வந்து இறங்கியிருக்கிறது பாருங்கள், அதுதான் வேடிக்கை. இடியட், ராஸ்கல், ஸ்டுப்பிட், நான்சென்ஸ், ஸ்கௌண்டிரல் என்று அப்படி ஒரு கூட்டமே வந்திருக்கிறது. நன்றி சொல்லும் வார்த்தையும் மன்னிப்புக் கேட்கும் வார்த்தையும் போய்ச் சேராத ஊர்களுக்குக்கூட இவை போய்ச் சேர்ந்துவிட்டன. இந்தக் கூட்டத்துக்கு முன்னால் கட்டியக்காரனைப் போல நடந்து வருகிற வார்த்தை ஒன்று உண்டு. அதுதான் 'பிளடி'.

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். பூப்போட்ட நீளமான அங்கி, வாயில் பைப்பு, மாடிப்படியில் இறங்கி வரும் பணக்காரத் தகப்பனார். மகன் ஓர் ஏழைப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொல்கிறான். தகப்பனார் பைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "யூ பிளடி ஃபூல்!" என்று கர்ஜிக்கிறார். தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியதில்லை. ஆள் கோபமாக இருக்கிறார், ஆள் பெரிய மனிதர் என்ற இரண்டு விஷயங்களும் அவருக்கு ஒரே நொடியில் விளங்கிவிடுகின்றன. இந்த இரண்டாவது விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

முதலில் வார்த்தையின் குலம் கோத்திரத்தைப் பார்த்துவிடுவோம்.

அகராதியைப் புரட்டினால் 'இரத்தம் தோய்ந்த' என்று நேரான அர்த்தம் போட்டிருக்கிறது. அந்த அர்த்தத்தில் அது கௌரவமான வார்த்தைதான். ஷேக்ஸ்பியர் தம்முடைய 'மாக்பெத்' நாடகத்தில் அதைத் தாராளமாகக் கையாண்டிருக்கிறார். 1553 முதல் 1558 வரை இங்கிலாந்தை ஆண்ட மேரி ராணி, சமய வேற்றுமைக்காகச் சுமார் 280 பேரை உயிரோடு எரிக்க இடம் கொடுத்தாள். அதனால் அவளுக்கு 'பிளடி மேரி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1972-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி, வட அயர்லாந்தில் டெர்ரி நகரத்தில், ஊர்வலம் போன ஜனங்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டார்கள். பதின்மூன்று பேர் அன்றே மாண்டார்கள். அந்த நாளுக்கு 'பிளடி சண்டே' என்று பெயர். இங்கெல்லாம் வார்த்தைக்குள் நிஜமாகவே இரத்தம் இருக்கிறது.

ஆனால் லண்டனில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஒருவன், "பிளடி பஸ் இன்னும் வரவில்லை" என்று முணுமுணுத்தால் அந்தப் பஸ்ஸில் இரத்தக் கறை ஏதும் இல்லை. 'பிளடி குளிர்' என்றால் வெறும் கடுங்குளிர். 'பிளடி நல்ல சாப்பாடு' என்றால் அபாரமான சாப்பாடு. பாராட்டுக்கும் அதே வார்த்தை, பழிப்புக்கும் அதே வார்த்தை. 'பிளடி மைண்டட்' என்று ஒருவரைச் சொன்னால், அவர் கொலைகாரர் என்று பயந்துவிட வேண்டாம். வேண்டுமென்றே முரண்டு பிடிக்கிற ஆசாமி என்றுதான் அர்த்தம். ஒரு நீளமான வார்த்தையை நடுவில் வெட்டி, அந்த இடைவெளியில் இதைச் செருகிச் சொல்லுகிற வழக்கமும் உண்டு. 'அப்ஸொல்யூட்லி' என்பது 'அப்ஸோ-பிளடி-லூட்லி' ஆகிவிடும். கொழுக்கட்டைக்குள் பூரணம் வைக்கிற மாதிரி, வார்த்தைக்குள் வார்த்தை!

இதைக் கேட்டு நாம் சிரிப்பதற்கு அதிகமாக இடமில்லை. 'பயங்கரம்' என்றால் அச்சம் தருவது என்றுதானே பொருள்? நம் வீட்டுப் பிள்ளைகள், "பாயசம் பயங்கரமாய் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு இன்னொரு தம்ளர் கேட்கிறார்கள். சாமர்த்தியசாலியைப் பார்த்து, "அவன் எமகாதகன்!" என்கிறோம். எமனையே கொன்றவன் என்ற அந்தப் பட்டத்தில் எத்தனை பாராட்டு! வெகு நாள் கழித்து வந்த சிநேகிதனை, "அடப் பாவி, எங்கேடா போய்த் தொலைந்தாய்?" என்று கட்டிக்கொள்கிறோம். பாவமும் தொலைவதும் அங்கே எங்கே போயின? அன்பு பெருகும்போது வசவு உடைமாற்றிக்கொண்டு வந்து நிற்பது எல்லா மொழிக்கும் பொது.

இந்த இரத்த வார்த்தை 'மிகவும்' என்ற பொருளுக்கு எப்படி வந்தது என்பதைப் பற்றி ஒரு ரசமான கதை உண்டு. 'பை அவர் லேடி', அதாவது 'நம் தேவமாதாவின் மேல் ஆணையாக' என்பதுதான் தேய்ந்து தேய்ந்து 'பிளடி' ஆயிற்று என்பார்கள். கதை அழகாக இருக்கிறது. ஆனால் மொழிநூல் வல்லவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்து திரிந்த பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்கு 'பிளட்ஸ்' என்று பெயர். உயர்குலத்து இரத்தம் ஓடுகிறவர்கள் என்று பொருள். அவர்களைப் போலக் குடித்தவன் 'பிளடி' குடிகாரன். அங்கிருந்து கிளம்பி வார்த்தை மற்ற இடங்களுக்கும் பரவியது என்பது அவர்களில் பலருடைய அபிப்பிராயம். அப்படியானால் இந்த வசவு சேரியில் பிறந்ததல்ல, மாளிகையில் பிறந்தது!

ஆரம்ப காலத்தில் இது கெட்ட வார்த்தையாகவும் இல்லை. 'கல்லிவரின் யாத்திரைகள்' எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் ஒரு பாதிரியார். அவர் 1711-இல் தம் சிநேகிதிக்கு எழுதிய கடிதத்தில், அன்றைய வெயிலின் கொடுமையைச் சொல்ல இதே வார்த்தையைப் போட்டிருக்கிறார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நிலைமை தலைகீழாகிவிட்டது. கீழ்மக்கள் வாயில் அதிகம் புழங்குகிறது என்ற காரணத்தாலேயே மேன்மக்கள் அதைத் தள்ளி வைத்தார்கள். பத்திரிகைகள் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டும் போட்டு, நடுவே ஒரு கோடு இழுத்தன. 1887-இல் கில்பர்ட்டும் சல்லிவனும் 'ரடிகோர்' என்ற இசை நாடகத்தை லண்டனில் அரங்கேற்றினார்கள். 'ரடி' என்பது இந்த வார்த்தைக்கு மாற்றாக வழங்கியதால் சீமாட்டிகள் முகம் சுளித்தார்கள். சில நாளைக்குள் பெயரில் ஓர் எழுத்தை மாற்றவேண்டியதாயிற்று. எழுத்துத்தான் மாறிற்று, உச்சரிப்பு மாறவில்லை!

நம் இலக்கணத்தில் இடக்கரடக்கல் என்று ஒன்று சொல்லியிருக்கிறார்கள். சபையில் சொல்லத் தகாததை வேறு வார்த்தையால் மறைத்துச் சொல்வது. வெள்ளைக்காரர்களும் இதில் சளைத்தவர்கள் அல்ல. 'பிளடி' என்று சொல்லக்கூடாத இடங்களில் 'ரடி', 'புளூமிங்', 'பிளிங்கிங்', 'பாலி' என்று ஒரு டஜன் பதிலிகளைத் தயார் செய்து வைத்திருந்தார்கள். வுட்ஹவுஸின் கதைகளை ரசிப்பவர்களுக்கு பெர்ட்டி வூஸ்டரின் 'பாலி' ஞாபகத்துக்கு வரலாம். அந்த அப்பாவி அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் இடக்கரடக்கல் இலக்கணத்துக்கு உதாரணம் காட்டுகிறான்.

இப்படித் திரைக்குப் பின்னால் இருந்த வார்த்தையைத் தரதரவென்று இழுத்து வந்து மேடையில் நிறுத்தியவர் பெர்னார்ட் ஷா. 1914-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் தேதி, லண்டனில் ஹிஸ் மெஜஸ்டிஸ் தியேட்டரில் அவருடைய 'பிக்மேலியன்' நாடகம் நடந்தது. தெருவில் பூ விற்கிற எலைசா என்ற பெண்ணுக்கு ஒரு பேராசிரியர் சீமாட்டியைப் போலப் பேசக் கற்றுக்கொடுக்கிற கதை. மூன்றாவது அங்கத்தில் அவளை ஒரு பெரிய வீட்டு வரவேற்பறைக்கு அழைத்து வருகிறார்கள். உச்சரிப்பு அப்பழுக்கில்லாமல் இருக்கிறது. விடைபெறும்போது ஒரு வாலிபன், "பூங்காவைக் கடந்து நடந்தா போகிறீர்கள்?" என்று கேட்கிறான். நடக்கவாவது, நான் டாக்ஸியில் போகிறேன் என்று அவள் சொல்லும் பதிலில், அந்த வார்த்தை முத்துப் போன்ற உச்சரிப்பில் வந்து விழுகிறது.

கொட்டகை ஒரு கணம் திடுக்கிட்டது. பிறகு சிரித்தது. ஒரு நிமிஷத்துக்கு மேல் சிரிப்பு அடங்கவில்லை. அதுவரை நடிகர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். எலைசாவாக நடித்த மிஸஸ் பாட்ரிக் காம்ப்பெலுக்கு அப்போது வயது 49. பூக்காரச் சிறுமியாக அந்த வயதில் நடித்தது ஒரு சாதனை என்றால், அந்த ஒரு வார்த்தையைச் சொன்னது இன்னொரு சாதனை. பத்திரிகைகள் அந்த வார்த்தையை அச்சிடக் கூசி, சுற்றி வளைத்து எழுதின. அதன்பிறகு கொஞ்ச காலம் நாசூக்கான மனிதர்கள் அந்த வார்த்தை வரவேண்டிய இடத்தில் 'பிக்மேலியன்' என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். நாடகத்தின் பெயரே ஒரு வசவாகிவிட்டது, ஷா சந்தோஷப்பட்டிருப்பார்.

சபை ஏன் அப்படிச் சிரித்தது? அந்த வார்த்தையை அங்கே இருந்த ஒவ்வொருவரும் ஆயிரம் முறை கேட்டிருப்பார்கள். கீழே இருப்பவள் ஒருத்தி, மேலே இருப்பவர்களின் அறைக்குள் வந்து, அவர்களுடைய உச்சரிப்பிலேயே அதைச் சொல்லிவிட்டாள் என்பதுதான் விஷயம். வசவு கீழிருந்து மேலே போனது. அது அபூர்வமான பிரயாணம். 1956-இல் இதே கதையை அமெரிக்காவில் 'மை ஃபேர் லேடி' என்று பாட்டு நாடகமாக ஆக்கியவர்கள், இந்த வார்த்தையால் பயனில்லை என்று கண்டு, குதிரைப் பந்தய மைதானத்தில் எலைசாவின் வாயில் வேறொரு வார்த்தையைப் போட்டார்கள். நாற்பது வருஷத்தில் வெடிமருந்து நமுத்துப்போய்விட்டது.

ஆஸ்திரேலியாவின் கதை இன்னும் வேடிக்கையானது. 1840-களில் அங்கே சுற்றிப் பார்க்கப் போன அலெக்ஸாண்டர் மார்ஜோரிபாங்க்ஸ் என்பவர், ஒரு மாட்டுவண்டிக்காரன் கால் மணி நேரத்துக்குள் இந்த வார்த்தையை எத்தனை முறை சொன்னான் என்று எண்ணினார். எண்ணியதோடு நிற்காமல் கணக்கும் போட்டார். இதே வேகத்தில் ஐம்பது வருஷம் போனால் அவன் ஒரு கோடியே எண்பது லட்சம் தடவைக்கு மேல் சொல்லியிருப்பான் என்று தம் புத்தகத்தில் எழுதி வைத்தார். வண்டிக்காரன் மாட்டைப் பார்த்தும் சொன்னான், மேட்டைப் பார்த்தும் சொன்னான், எஜமானனைப் பார்த்தும் சொன்னான். அங்கே அது மூச்சு விடுகிற மாதிரி. 2006-இல் ஆஸ்திரேலிய அரசாங்கமே உல்லாசப் பிரயாணிகளைக் கூப்பிடும் விளம்பரத்தில், "எங்கேதான் போய்த் தொலைந்தீர்கள்?" என்ற தோரணையில் இந்த வார்த்தையைச் சேர்த்தது. பிரிட்டனில் அதைத் தொலைக்காட்சியில் காட்டக்கூடாது என்று முதலில் தடுத்தார்கள். ஆஸ்திரேலிய மந்திரி ஒருவர் லண்டனுக்குப் போய் வாதாடினார். பிறகுதான் வழி விட்டார்கள். நம் 'அடப் பாவி'யை மந்திரி ஒருவர் சீமைக்குப் போய் ஆதரித்துப் பேசுவதைக் கற்பனை செய்து பாருங்கள்!

சரி, இது அவர்கள் ஊர்ச் சமாசாரம். நம் ஊருக்கு இந்த வார்த்தை எப்படி வந்தது? லண்டன் தெருவில் ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியைப் பார்த்துச் சொன்ன வார்த்தையாக அது நமக்கு வரவில்லை. துரை குமாஸ்தாவைப் பார்த்துச் சொன்னதாக வந்தது. ரயில்வேப் பட்டறைகளிலும், தேயிலைத் தோட்டங்களிலும், பட்டாளத்திலும், கம்பெனி ஆபீசுகளிலும் மேலிருந்து கீழே விழுந்ததாக வந்தது. லண்டனில் 'பிளடி ஃபூல்' என்று சொன்னவனைப் பார்த்து, "நீதான் பிளடி ஃபூல்" என்று பதில் சொல்லலாம். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே சாராயக்கடைக்குப் போகலாம். துரையிடம் அப்படிச் சொன்ன குமாஸ்தாவுக்கு மறுநாள் உத்தியோகம் இருக்காது. ஆகவே அந்த வார்த்தையின் பாதியைத்தான் நாம் கற்றுக்கொண்டோம். அதில் இருந்த தோழமை கப்பலிலேயே தங்கிவிட்டது. அதிகாரம் மட்டும் கரையிறங்கியது. 1947-இல் துரைமார் மூட்டை கட்டியபோது நாற்காலிகளை விட்டுவிட்டுப் போனார்கள். இந்த வார்த்தையையும் நாற்காலியின் மேலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

அப்படிப்பட்ட ஒரு நாற்காலியை நான் பார்த்திருக்கிறேன். என் இளமையில் ஒரு வியாபார நிறுவனத்தில் சில காலம் குமாஸ்தாவாக இருந்தேன். பெயர் வேண்டாம். அதன் மானேஜர் நம்மவர்தான். நெற்றியில் விபூதி இல்லாமல் ஆபீசுக்கு வரமாட்டார். தமிழில் அவர் யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லிக் கேட்டதில்லை. தமிழில் திட்டுவது அநாகரிகம் என்பது அவர் கொள்கை. ஆகவே இங்கிலீஷில் திட்டுவார். ஹெட் கிளார்க்கைத் திட்டும்போது வார்த்தைகளில் வகை இருக்கும். எங்கள் பியூனுக்கு மட்டும் எப்போதும் இந்த ஒரே வார்த்தைதான். அதற்குமேல் அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் வீணாக்க வேண்டாம் என்ற சிக்கனமோ என்னவோ!

அந்தப் பியூன் ஐம்பதைத் தாண்டியவர். இருபது வருஷத்துக்கு மேல் அங்கே சேவகம். ஒருநாள், கேட்ட லெட்ஜரை விட்டு வேறொன்றை எடுத்துப் போனதற்காக வழக்கமான அர்ச்சனை நடந்தது. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே என்னிடம் வந்தார்.

"தம்பி, நீங்க படிச்சவங்க. அந்தப் 'பிளடி'ங்கறதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

"இரத்தம் பட்டதுன்னு அர்த்தம், பெரியவரே. ஆனா, திட்டும்போது அந்த அர்த்தம் இல்லை. சும்மா ஓர் அழுத்தத்துக்குச் சொல்றது. பார்க்கப்போனா அதுக்கு அர்த்தமே கிடையாது" என்றேன்.

அவர் கொக்கியை மாட்டிவிட்டுச் சற்று நேரம் நின்றார்.

"அர்த்தமே கிடையாதா?" என்றார். "திருடன்னு சொன்னா, நான் என்னத்தைத் திருடினேன்னு கேக்கலாம். சோம்பேறின்னு சொன்னா, காலையிலே ஏழு மணிக்கு வந்து கதவைத் திறந்தது யாருன்னு கேக்கலாம். அர்த்தமே இல்லாததுக்கு நான் என்ன தம்பி பதில் சொல்றது?"

இந்த வார்த்தையைப் பற்றி எத்தனையோ அகராதிகளில் படித்திருக்கிறேன். அது எந்த நூற்றாண்டில் பிறந்தது, எந்த நாடகத்தில் அரங்கேறியது என்றெல்லாம் அவை சொல்கின்றன. அது ஏன் வலிக்கிறது என்பதை அந்தப் பெரியவர்தான் சொன்னார். அர்த்தமுள்ள வசவு ஒரு குற்றச்சாட்டு. குற்றச்சாட்டுக்கு மறுப்பு உண்டு, சாட்சி உண்டு, சமாதானம் உண்டு. அர்த்தமில்லாத வசவு எந்தக் குற்றத்தையும் சாட்டுவதில்லை. 'நான் சொல்லலாம், நீ சொல்லக்கூடாது' என்ற ஒன்றே ஒன்றைத்தான் அது எதிரில் நிற்பவனுக்கு ஞாபகப்படுத்துகிறது. அதற்கு இங்கிலீஷிலும் பதில் இல்லை, தமிழிலும் பதில் இல்லை.

சினிமாத் தகப்பனார் விஷயத்தில், ஆள் பெரிய மனிதர் என்பது தரை டிக்கெட்டுக்காரருக்கு எப்படித் தெரிந்தது என்பதும் இப்போது விளங்குகிறதல்லவா? வார்த்தையின் அர்த்தம் அவருக்குத் தெரியவேண்டியதில்லை. அது எந்தத் திசையில் போகிறது என்பதைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாரே!

பிறந்த ஊரில் இந்த வசவு இப்போது கிழடு தட்டிப்போய்விட்டது. 2001 முதல் வந்த ஹாரி பாட்டர் படங்களில் ரான் என்கிற பள்ளிக்கூடப் பையன் வாயைத் திறந்தால் இதுதான். குழந்தைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள். தாய்மார் காதைப் பொத்துவதில்லை. எலைசாவின் நாக்கில் வெடித்த குண்டு இன்று பிள்ளைகள் வாயில் மிட்டாய். இதற்குச் சட்டம் எதுவும் செய்யவேண்டியிருக்கவில்லை. எல்லோரும் எல்லோரையும் பார்த்துச் சொல்லிச் சொல்லியே அதன் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். நம்மிடையே அது இன்னும் சில நாற்காலிகளில் பல்லோடு உட்கார்ந்திருக்கிறது. அது மட்டும் தனியாக இல்லை. அதன் தாயாதிகளான இடியட்டும் ஸ்டுப்பிட்டும் கூடவே இருக்கின்றன.

நான் ஒழுக்க போதனை செய்கிறவன் அல்ல. கதை எழுதுகிறவனுக்கு வசவு வார்த்தைகள் வேண்டும். அவை இல்லாவிட்டால் பாத்திரங்கள் எல்லாம் பஜனை மடத்தில் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருப்பார்கள். ஆகவே யாரும் திட்டவே கூடாது என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரு சின்னப் பரீட்சை மட்டும் சொல்கிறேன். டிரைவரையோ, வேலைக்காரியையோ, கீழே வேலை பார்க்கும் பையனையோ பார்த்து இந்த இங்கிலீஷ் வார்த்தை நாக்கு நுனிக்கு வரும்போது, அதே வார்த்தையை அவர்கள் உங்களைப் பார்த்துச் சொன்னால் சிரிப்பீர்களா என்று ஒரு கணம் யோசியுங்கள். சிரிப்பீர்கள் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். அப்போது நீங்கள் இருவரும் லண்டன் தெருவில் நிற்கிற இரண்டு சிநேகிதர்கள். சிரிக்க மாட்டீர்கள் என்றால், தயவுசெய்து தமிழிலேயே திட்டிவிடுங்கள், அதுவும் இன்ன குற்றம் என்று பெயர் சொல்லித் திட்டுங்கள். அதற்காவது அவர்கள் பதில் சொல்லலாம்.